பென்சிலில் இருந்த பெயர்

எங்கள் நண்டுக் கம்பெனியின் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் எனக்கு, எதையும் துப்புரவாகச் செய்கிறவள் என்று ஒரு பெயர். அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

பழைய புத்தகங்களை எல்லாம் ஸ்கான் செய்து கணினியில் ஏற்றும்படி கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. பிரதி முழுமையானது, மாற்றமில்லாதது என்று பொறுப்பானவர் உறுதிப்படுத்தினால் சட்டம் அதை மூலமாகவே ஏற்குமாம். பிறகு கடதாசியை அழித்துவிடலாம். பொறுப்பானவர் நான்.

அதில் ஒன்று படகுப் புத்தகம். எங்கள் துறையிலிருந்து எந்தப் படகு, யாருடன், எத்தனை மணிக்குப் போனது, எப்போது திரும்பியது என்று தினமும் எழுதுவேன். போகும்போது பென்சிலால் மட்டுமே எழுத வேண்டும் என்பது துறையின் வழக்கம். படகு கரை சேர்ந்த பிறகுதான் அந்தப் பென்சில் எழுத்தின்மேல் பேனையால் எழுதலாம். மறந்து பேனையை எடுத்தால் கடற்றொழிலாளர்கள் விடமாட்டார்கள். "தங்கச்சி, நாங்கள் வரமுதல் எங்கட கணக்கை முடிச்சுப்போடாதேங்கோ!" என்று கத்துவார்கள்.

பக்கமெல்லாம் உப்புத் தண்ணீர்க் கறை. கறையையும் மங்கல் அடையாளங்களையும் நீக்கும் வசதி இயந்திரத்தில் இருந்தது. அதை அமுக்கினேன். பக்கங்கள் சலவை செய்ததுபோல் வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கங்களை இரண்டு தரம் எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை. கையெழுத்து வைத்தேன். புத்தகங்கள் வெட்டும் இயந்திரத்துக்குப் போய்த் துகளாகிவிட்டன.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் வந்தாள். போன சோளகக் காற்றுக் காலத்தில் தனியாகக் கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் மனைவி. உடலும் கிடைக்கவில்லை, படகும் கிடைக்கவில்லை. அதனால் ஊரில் ஒரு கதை உலாவியது.

"அவர் இந்தியாவுக்கு ஓடிப்போனாராம், அக்கா. எங்கட ஊர் விதானையார் மரணப் பதிவுக்கு எழுதமாட்டாராம். கடல் தொழிலுக்குத்தான் போனவர் எண்டதுக்கு அத்தாட்சி கேக்கிறார். உங்கட புத்தகத்தில இருக்கும்தானே?"

"ஓம், இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அன்றைய பக்கத்தைத் திறந்தேன். நான்கு படகுகள் இருந்தன. ஐந்தாவது வரி வெள்ளையாக இருந்தது.

அந்த வரியை எழுதியவளே நான். "வடிவா எழுதுங்கோ" என்று அவர் சிரித்துப் பகிடி விட்டதுகூட நினைவிருக்கிறது. திரும்பி வந்தவர்கள் எல்லாரும் மையில் இருந்தார்கள். திரும்பாதவர் ஒருவர்தான் பென்சிலில் இருந்தார். இயந்திரம் அவரைக் கறையென்று எடுத்துவிட்டது.

அவளை வெளியே இருத்திவிட்டு முகாமையாளரிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்தினார்.

"வாயைத் திறக்காதேங்கோ. இப்ப சட்டப்படி பிரதிதான் புத்தகம். ஒரு வரி பிழையெண்டா நீங்கள் கையெழுத்து வைச்ச எல்லாமே பொய். வேலை மட்டுமில்லை, வழக்கும் வரும்."

"நாளைக்கு வாங்கோ" என்று அவளை அனுப்பினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலே பொலிஸ் என்று பயந்தேன். இப்படி இன்னும் எத்தனை பேரை அழித்தேனோ என்ற நினைப்பு அதைவிடப் பயங்கரமாக இருந்தது.

மறுநாள் அவள் வந்ததும் உள்ளதைச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"நீங்கள் கண்டனீங்கள்தானே? அதைச் சொல்லுங்கோ" என்றாள்.

இருவருமாக, சத்தியம் பெற்று உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் ஒருவரின் வீட்டுக்குப் போனோம். அந்த வரியை எழுதியதையும் அது அழிந்ததையும் சொல்லும் என் சத்தியக் கடதாசியை வாசித்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிரதி முழுமையானது எண்டு கையெழுத்து வைச்சதும் நீங்கள். இல்லையெண்டு சத்தியம் பண்ணுறதும் நீங்கள். எதை நம்புறது?"

பக்கத்திலிருந்து அவள்தான் பேசினாள்.

"ஐயா, அவ நடுங்கிறதைப் பாருங்கோ. பொய் சொல்லுறதெண்டா அவ வீட்டில நிம்மதியா இருந்திருக்கலாமே."

அவர் பேனையை நீட்டினார். என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று கையெழுத்து வைத்தேன்.

வெளியே படியில் அவள் அந்தக் கடதாசியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

"அவர் எங்களை விட்டிட்டு ஓடேல்லை. இனி நான் அழலாம்தானே, அக்கா?"