கொம்பு இடம் மாறிய மூன்று நாள்

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு முட்டைக்கோழிப் பண்ணையின் அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். தட்டச்சு செய்யத்தான் என்னைச் சேர்த்தார்கள். ராசிபுரத்தில் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பு, கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல்வழியில் கணினிப் பட்டம். மற்றதெல்லாம் வேலை முடிந்த மாலைகளில் நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது.

எங்கள் பண்ணையில் பதினான்கு ஷெட்டுகள். எந்த ஷெட்டில் எந்த மருந்து, எந்தத் தொட்டியில், எவ்வளவு, எது கூடாது என்று தினமும் ஒரு சீட்டு போக வேண்டும். முன்பெல்லாம் மேனேஜர் ஃபோனில் கத்துவார். பாதி காற்றில் போய்விடும். அதற்காக ஒரு புரோகிராம் எழுதினேன். கால்நடை மருத்துவர் அலுவலகக் கணினியில் ஆங்கிலத்தில் பதிந்துவிட்டுப் போவார். காலை ஐந்தரைக்கு அது தமிழில் ஒரு படமாக மாறி, ஒவ்வொரு ஷெட் பொறுப்பாளரின் வாட்ஸ்அப்புக்கும் போய்விடும். வடக்கிலிருந்து வந்தவர்கள் வேலை செய்யும் இரண்டு ஷெட்டுகளுக்கு இந்தியில் போகும். ஆறு வருடம் ஒரு நாள் தவறாமல் போயிற்று. யாரும் என்னைப் பாராட்டவில்லை. யாரும் குறை சொல்லவும் இல்லை.

போன வருடம் முதலாளி, பண்ணையின் கணினி வேலைகள் எல்லாவற்றையும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தார். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் புதிய சர்வருக்கு மாற்றுவது, வாரக் கடைசி ஞாயிற்றுக்கிழமையோடு பழையதை மூடுவது என்று முடிவாயிற்று. கம்பெனியிலிருந்து ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். முப்பது வயதிருக்கும். மரியாதையாகப் பேசுவார். ஆனால் நான் எழுதியதை 'உங்க ஆப்' என்று சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவர் கூப்பிட்டார். "மேடம், உங்க ஆப் ஸ்டார்ட்டே ஆகல. ஏதோ லைப்ரரி இல்லைங்குது."

புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. படம் வரைய ஒன்று, கணக்குப் போட ஒன்று என்று பிறர் எழுதிவைத்த துண்டுகளைச் சேர்த்துக்கொள்வோம். அவைதான் லைப்ரரிகள். என்னென்ன சேர்த்தோம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை. ஆறு வருடமாகத் தேவைப்பட்டபோது ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தவள். அந்தத் தப்பு என்னுடையது, அவரிடமும் அதைச் சொன்னேன். பழைய சர்வரில் இருந்தவற்றை வரிசையாக எடுத்து, பதிப்பு எண்ணோடு ஒரு பட்டியலாக அனுப்பினேன். அவர் போட்டார். பிழை எதுவும் வராமல் புரோகிராம் ஓடியது. அன்று சாயங்காலம் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. நான்காம் ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. அலுவலகத்தில் அவருக்கு வாயாடி என்று பெயர். எனக்கு அவரைப் பிடிக்கும்.

"ஏனுங்க அம்மிணி, இதென்ன எழுத்துங்க? எனக்கு ஒண்ணும் புரியலைங்க."

படத்தைத் திறந்து பார்த்தேன். எண்கள் சரியாக இருந்தன. தமிழ் சிதைந்திருந்தது. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பெல்லாம் பின்னால் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான்காம் ஷெட்டில் தண்ணீரில் தடுப்பு மருந்து கலக்கும் நாள். அந்தத் தண்ணீரில் குளோரின் இருந்தால் மருந்து செத்துவிடும். 'குளோரின் வேண்டாம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வணே்டாம்' என்று இருந்தது.

"அக்கா, அது குளோரின் வேண்டாம்னு..."

"நீங்க வாயில சொல்லி நாங் கலக்கமாட்டனுங்க. நாளைக்கு கோழி செத்துதுன்னா 'சீட்டுல என்ன போட்டிருந்துச்சு'ன்னுதான் என்னைக் கேப்பாங்க. ஒழுங்கா எழுதி அனுப்புங்க, அப்பறம் கலக்கறேன்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மருத்துவரின் பதிவுகளும் வாட்ஸ்அப் இணைப்பும் ஏற்கெனவே புதிய சர்வருக்குப் போய்விட்டதால், பதினான்கு ஷெட்டுக்கும் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். இந்தி ஷெட்டுகளுக்கு, பழைய சீட்டுகளிலிருந்த வரிகளைப் பார்த்து வரைந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மருந்து கலக்க முக்கால் மணி நேரம் தாமதமானது. முதலாளி அலுவலகத்துக்கு வரும்போதே முகம் சிவந்திருந்தது.

கம்பெனிக்காரரைக் கூப்பிட்டேன். "ஃபாண்ட் பிரச்சினை மேடம்" என்றார். பழைய சர்வரின் எழுத்துருக்களை அப்படியே நகலெடுத்துப் போட்டார். எதுவும் மாறவில்லை. பிறகு முதலாளியையும் லைனில் சேர்த்துக்கொண்டு சொன்னார்:

"சார், தமிழ்னாலே சர்வர்ல இந்தத் தொல்லை இருக்கும். சீட்டை இங்கிலீஷ்ல மாத்திட்டா எந்தப் பிரச்சினையும் வராது. நாங்க அடுத்து ஒரு ரெடிமேட் பேக்கேஜ் வெச்சிருக்கோம், அதுவும் இங்கிலீஷ்தான்."

முதலாளி என்னைப் பார்த்தார். "ஏஞ் சாமி, ஒரு வாரத்துக்கு இங்கிலீஷ்ல போட்டுப் பாக்கலாமா? அத்தனை பேரும் நம்பர் படிப்பாங்கல்ல?"

பதினோரு வருடத்தில் அவரிடம் நான் முடியாது என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"முடியாதுங்கய்யா. நம்பரப் படிப்பாங்க. எதப் போடணும், எதப் போடக் கூடாதுங்கறத யார் படிப்பா? ஆறு வருசம் தமிழ்ல போனதுங்க. தமிழ் மாறல. சர்வர்தான் மாறியிருக்குது."

"அவங்க படிச்சவங்க, சொல்றாங்கல்ல..."

"நானும் படிச்சவதானுங்க."

ஃபோனின் மறுபக்கத்தில் கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமினார். முதலாளி இணைப்பைத் துண்டித்தார். "சரி, வெள்ளிக்கிழம வரைக்கும் பாரு. அப்பறம் நான் என்ன பண்ணட்டும்?" என்று எழுந்து போனார்.

மறுநாள், வியாழக்கிழமையும், கையால் எழுதித்தான் அனுப்பினேன். சர்வர் அதன் பாட்டுக்குச் சிதைந்த சீட்டுகளையும் அனுப்பிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு ஒன்பதாம் ஷெட்டில் வேலை செய்யும் வடக்கத்திக்காரர் அலுவலக வாசலில் வந்து நின்றார். கையில் ஃபோன்.

"அக்கா, இந்தியும் தப்பு" என்றார்.

எனக்கு இந்தி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய ஒரு குறி பின்னால் வந்திருப்பதை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். எங்கள் கொம்புக்கு நடந்ததே அவர் எழுத்துக்கும் நடந்திருந்தது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து, இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்படியென்றால் கோளாறு தமிழில் இல்லை, எழுத்துருவிலும் இல்லை. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று தீர்மானிக்கிற ஏதோ ஒன்று புதிய சர்வரில் இல்லை.

படம் வரைகிற லைப்ரரியிடம் அதைக் கேட்கவே ஒரு கட்டளை இருக்கிறது: எழுத்தை அடுக்கும் வசதி உன்னிடம் இருக்கிறதா? பழைய சர்வரில் கேட்டேன். இருக்கிறது என்றது. புதியதில் கேட்டேன். இல்லை என்றது. இரண்டிலும் அதே லைப்ரரி, அதே பதிப்பு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதன் ஆவணங்களை மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுப் படித்தேன். அந்த வசதி வேலை செய்ய இன்னொரு சிறிய லைப்ரரி வேண்டும். அது நான் கொடுத்த பட்டியலில் வராது. சர்வரின் அடித்தளத்திலேயே இருக்க வேண்டியது. புரோகிராம் ஓடும்போது அதைத் தேடும். கிடைத்தால் சேர்த்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் ஒரு வார்த்தை சொல்லாமல், எழுத்தை வந்த வரிசையிலேயே கொட்டிவிட்டுப் போய்விடும். ஏதாவது ஒரு பிழைச் செய்தி வந்திருந்தால் செவ்வாய்க்கிழமையே பார்த்திருப்பேன். இரண்டு சர்வர்களின் அடித்தளத்திலும் இருப்பவற்றைப் பட்டியலாக அச்செடுத்து, அடிக்கோல் வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன். பழையதில் இருந்தது. எப்போதோ வேறொரு மென்பொருளோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும். நான் போட்டதாக நினைவில்லை. புதியதில் இல்லை.

அதைப் போடும் அனுமதி எனக்கு இல்லை. கடவுச்சொல் கம்பெனியிடம் இருந்தது. கூப்பிட்டுச் சொன்னேன். அவர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மேடம், இது அரபி, ஹீப்ரு மாதிரி வலமிருந்து இடமா எழுதற மொழிக்கு. தமிழுக்கு இது எதுக்கு? சரி, டிக்கெட் போடுங்க. அப்ரூவல் வர ரெண்டு மூணு நாள் ஆகும்."

மறுநாள் வெள்ளி. அவர்கள் டிக்கெட் என்று சொல்லும் அந்தப் புகார்ப் பதிவை நான் போடவில்லை. காலையில் பதினான்கு சீட்டையும் எழுதி அனுப்பிவிட்டு, "சேலம் போயிட்டு வாரேனுங்க" என்று முதலாளிக்கு ஒரு செய்தி போட்டுவிட்டு பஸ் ஏறினேன். பத்தேகாலுக்கு ஃபேர்லேண்ட்ஸில் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். வரவேற்பில் இருந்த பெண், "அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரம் கழித்து அவரே வெளியே வந்தார்.

"மேடம், நீங்க எதுக்கு இவ்ளோ தூரம்..."

"தம்பி, என் கண் முன்னால அதப் போடுங்க. போட்டும் சரியாகலைன்னா, சீட்டை இங்கிலீஷ்லயே அனுப்புங்கன்னு என் கையால எழுதிக் கொடுத்துட்டுப் போறேன்."

அதுவரை அவரை சார் என்றுதான் அழைத்திருந்தேன். தம்பி தானாக வந்துவிட்டது. அவரும் கவனித்தார் என்று நினைக்கிறேன். தன் மேசைக்கு அழைத்துப் போனார்.

ஒரே வரிக் கட்டளை. போட்டு முடிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டார். நான்காம் ஷெட்டின் புதன்கிழமைச் சீட்டை மறுபடி எடுக்கச் சொன்னேன். 'குளோரின் வேண்டாம்.' கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இந்திச் சீட்டையும் எடுக்கச் சொன்னேன். அதுவும் சரி.

அவர் இரண்டு சீட்டையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். "அரபிக்குன்னு போட்டிருந்துச்சே" என்றார். அந்த முறை குரலில் சிரிப்பு இல்லை. அடுக்குகிற வேலையைச் செய்வது வேறொன்று, ஆனால் இது இல்லாமல் அது கண்ணே திறக்காது என்று சொன்னேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எனக்குக் காப்பி வரவழைத்தார். நல்ல காப்பி.

ஆனால் நான் நாமக்கல் திரும்புவதற்குள் அவருடைய கம்பெனியிலிருந்து முதலாளிக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. தமிழ் எழுத்துருவில் இருந்த கோளாறைத் தங்கள் குழு கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டதாம். அந்த அஞ்சலில் இருந்த எல்லோருக்கும் பதில் எழுதினேன். கோளாறு எழுத்துருவில் இல்லை, மாற்றும்போது விடுபட்ட ஒரு லைப்ரரியில், கண்டுபிடித்தது நான், அதற்குத் துப்புக் கொடுத்தவர் ஒன்பதாம் ஷெட் தொழிலாளி, சீட்டு சரியில்லை என்று முதலில் சொன்னவர் நான்காம் ஷெட் அக்கா. பட்டியல் வைக்காதது என் தவறு என்பதையும் எழுதினேன்.

முதலாளி கூப்பிட்டார். "வேலைதான் ஆயிருச்சே, உட்டுத் தொலையேன் சாமி."

"உட்டா அடுத்த தடவையும் தமிழ்லதான் கோளாறும்பாங்கய்யா."

பேக்கேஜ் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. எடுத்தாலும் என் பதில் இருக்கிறது.

சனிக்கிழமை புரோகிராமின் தொடக்கத்தில் நான்கு வரி சேர்த்தேன். அந்த லைப்ரரி இல்லாவிட்டால் புரோகிராம் ஓடவே கூடாது. என்ன இல்லை என்று உரக்கச் சொல்லிவிட்டு நின்றுவிட வேண்டும். கம்பெனிக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"மேடம், அப்ப மொத்தமா நின்னுருமே?"

"நிக்கட்டும்" என்றேன். "தப்பாப் போறதுக்கு நிக்கறது மேல்."

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நான்காம் ஷெட் அக்கா மறுபடி ஃபோன் செய்தார். பதறி எடுத்தேன்.

"எழுத்து இப்ப நல்லாருக்குதுங்க அம்மிணி. ஆனா 'நீரில் கரைத்து வழங்கவும்'னு போட்டிருக்கீங்களே, அதென்ன வழங்கறது? நாங்க என்ன கோயில்லயா இருக்கறோம்? 'தண்ணில கலக்கிக் குடு'ன்னு போடுங்க."

அன்றைக்கே மாற்றினேன். பன்னிரண்டு தமிழ்ச் சீட்டிலும்.