கெட்டிமேளத்துக்குள் ஒரு குரல்

பாரிசின் லா சப்பலில் தவிலும் நாதசுரமும் நேரில் ஒலிக்கத் தொடங்காத ஆண்டுகளில், எண்பதுகளின் நடுவில், ஊரைவிட்டு வந்த எங்களவரின் திருமணங்கள் பெரும்பாலும் ஒரே கசட்டைக் கொண்டே நடந்தேறின. அதில் தவில் வாசித்தவர் என் அண்ணன்.

நான் நாட்டை விட்டுப் புறப்படுவதற்குச் சற்று முன்பு, அயல்வீட்டுக் கலியாணத்தில் அவர் வாசித்தபோது அதை ஒலிப்பதிவு செய்தேன். ஒலிவாங்கியைத் தவிலுக்கு அருகே பிடித்திருந்தேன். கெட்டிமேளம் உச்சத்துக்கு ஏறுகையில், வாசிப்பை நிறுத்தாமலே அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, கை நடுங்குது. நேராப் பிடியடா.” மேளத்தோடு அந்தக் குரலும் பதிவாகிவிட்டது. வேறு கலியாணத்தில் திரும்ப எடுக்கலாம் என்றேன்.

“கிடக்கட்டும்,” என்றார் அண்ணன். “உன்ரை கலியாணத்துக்கு நான் வந்து வாசிப்பன். வர ஏலாட்டி இதைப் போடு.”

பாரிசில் என்னுடன் அறையில் இருந்த ஒருவருக்குத் திருமணம் வந்தது. மேளமில்லாமல் எப்படித் தாலி கட்டுவது என்று அவர் கலங்கியபோது, பெட்டிக்குள் இருந்த கசட்டை எடுத்துக் கொடுத்தேன். ரூ காய் தெருவில் பலசரக்கோடு கசட்டும் விற்ற கடைக்கார அண்ணை அதைப் பிரதி எடுத்துக்கொண்டார். அதன்பின் வாடகை மண்டபங்களில் எவர் திருமணம் நடந்தாலும் அவரே ஒலிப்பெட்டியின் பக்கத்தில், ஐயரின் கையைப் பார்த்தபடி, பொத்தானில் விரல் வைத்து நிற்பார். ஒருமுறை அவர் பிந்தி அழுத்த, தாலி ஏறிய நொடியில் மண்டபம் முழுவதும் கேட்டது மாப்பிள்ளையின் பெரியப்பா போட்ட தும்மல்தான். அந்தத் தம்பதிக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்கும்வரை, அவர்களின் உறவினர் எவரும் அவரிடம் அரிசி வாங்கவில்லை.

அண்ணனின் குரலுக்கும் ஒரு கதை வளர்ந்தது. தாலிக்கொடியின் சுரையை, அந்தச் சிறு திருகை, மாப்பிள்ளை பெண்ணின் பின்கழுத்தில் பூட்டும் வேளையில் “கை நடுங்குது, நேராப் பிடியடா” என்பது சரியாக வந்து விழும். மண்டபம் சிரிப்பில் அதிரும். மாப்பிள்ளைக்காகவே அப்படிப் பதிவு செய்தார்கள் என்றுதான் பலர் நம்பினார்கள். “என்ன மாப்பிள்ளை, தவில்கார அண்ணை சொன்னது கேட்டதோ?” என்று தோழன் சீண்டுவான். “ஓம், ஓம், நீயும் ஒருநாள் கேப்பாய்தானே,” என்று வியர்வையோடு பதில் வரும். அந்தப் பகடியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கடிதம் வந்ததுபோல் இருக்கும். அந்தச் சொல் எனக்குச் சொன்னது என்று நான் ஒருவரையும் திருத்தியதில்லை.

பிறகு ஊரில், சந்தியில் பேருந்துக்கு நின்ற இடத்தில், எறிகணை விழுந்து அண்ணன் இறந்தார். கடைக்கு வந்த தொலைபேசியில்தான் செய்தி வந்தது. சொல்லவேண்டியவராகக் கடைக்கார அண்ணையே என் அறைக்கு வந்தார். அந்தக் கிழமை நடந்த திருமணத்தில் வேறு கசட் ஒலித்தது என்று பின்னர் அறிந்தேன். எவரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. செத்தவரின் குரல் கேட்கத் தாலி கட்டலாகாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிரதிகளின் மேல் சினிமாப் பாடல்கள் ஏறின. மூலம் மட்டும் என்னிடம் எஞ்சியது.

அண்ணனின் முதலாண்டு ஆட்டைத் திவசம் கழிந்தபின் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் தாய்மாமன் புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து ரயிலேறிக் கடைக்கு வந்தார். எங்களைப் போலவே மேளகாரக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கே ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. தாலி கட்டும்போது அண்ணனின் கசட்டைப் போடவேண்டும் என்று கேட்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை.

“தம்பி, மேளம் பிழையில்லை. செத்துப்போன வித்துவான்மாரின்ரை இசைத்தட்டுப் போடுறவைதானே. ஆனால் இது உங்கடை வீட்டிலை விழுந்த சா. அதோடை அவர் பேசுறார். என்ரை பிள்ளையின்ரை கழுத்திலை தாலி ஏறேக்கை அவர் பேசக்கூடாது.”

“பேச்சை மட்டும் அழிச்சால்?” என்றார் கடைக்கார அண்ணை.

“அழிச்சால் சரி,” என்றார் மாமன்.

கடைக்கார அண்ணை கடையை அரைவாசி சாத்திவிட்டு, என் மூலத்திலிருந்து ஒரு பிரதி எடுத்து, குரல் வந்த இடத்தை மட்டும் அழித்து, எங்களுக்குப் போட்டுக் காட்டினார். நாதசுரம் மேலேறியது. தவில் கொதித்தது. திடீரென ஒன்றுமில்லை. பிறகு, எதுவும் நேராததுபோலத் தவில் மீண்டும் கொதித்தது. குரலை அழித்தபோது அதன் அடியில் இருந்த மேளமும் போய்விட்டிருந்தது. ஊரிலிருந்து வந்த தொலைபேசியிலும், அண்ணனுக்காக இங்கே செய்த கிரியையிலும், நல்ல காரியம் தவிர்த்த ஓராண்டுத் துடக்கிலும் எனக்கு உறைக்காதது அந்த ஒரு கண இடைவெளியில் உறைத்தது. நான் அரிசி மூட்டையின்மேல் அமர்ந்துவிட்டேன்.

மாமன் தலையை அசைத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. “நடுவிலை நிண்ட மேளத்துக்குத் தாலி கட்டேலாது, தம்பி. உமக்கே தெரியும்.”

தெரியும். கெட்டிமேளம் முறியலாகாது, அபசகுனமான எந்த ஒலியும் அதற்குள் புகக்கூடாது என்பதற்காகவே அது வாசிக்கப்படுகிறது. தாலி ஏறும் நேரமன்றி வீணே அதை வாசிப்பதும் வழக்கமில்லை. அண்ணன் வீட்டில் பழகும்போதுகூட ஒருநாளும் அதை வாசித்தவரல்லர். ஆகவே அந்தக் கசட்டை அறையில் தனியே போட்டுக் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை.

என் திருமணத்தில் கடையில் வாங்கிய கசட் ஒலித்தது. குறையில்லாத மேளம், வாசித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. கடைக்கார அண்ணை சரியான நொடியில் பொத்தானை அழுத்தினார். சுரையைப் பூட்ட முயன்றபோது என் கை நடுங்கியது. சுரை இரண்டு தரம் நழுவியது. முன்வரிசையில் இருந்த தம்பதிகள் பலர் அண்ணனின் மேளத்துக்குத் தாலி கட்டியவர்கள். அவர்கள் என் கையைப் பார்த்தார்கள். பழக்கத்தால் நானும் அந்தக் குரலுக்காக ஒரு கணம் காத்திருந்தேன். மேளம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கையை நானே நேராகப் பிடித்துச் சுரையைப் பூட்டினேன்.