உடைமர வரப்பு

என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பெரும்பகுதி கடலில்தான். பிள்ளைகள் இல்லை. கொற்கைப் பக்கம் வயலை ஒட்டிய வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். பகலில் என்னோடு பேச வந்த ஒரே ஆள் கொழுந்தனார்தான். பக்கத்து வயல் அவருடையது. தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, காப்பி குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்.

இரண்டு வயலுக்கும் நடுவில் அகலமான வரப்பு. அதில் இரண்டு உடைமரங்கள், அடியில் முட்புதர், ஓரத்தில் தண்ணீர் தேங்கும் சிறு பள்ளம். சாயங்காலத்தில் வேறு போக்கிடம் இல்லாமல் அங்கே போய் நிற்பேன். அறுப்பு முடிந்து வயல் மொட்டையானதும் பறவைகளுக்கும் போக்கிடம் அதுதான். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகப் பள்ளத்தில் குளிக்கும். கீச்சான் குருவி வெட்டுக்கிளியைப் பிடித்து முள்ளில் குத்தி வைக்கும். புதருக்குள் ஒரு கௌதாரி முட்டையில் உட்கார்ந்திருந்ததை அந்த வருடம்தான் பார்த்தேன்.

பிசான நெல் அறுப்பு முடிந்து சில நாளில் கொழுந்தனார் ஜேசிபி கொண்டுவந்தார். அக்கம்பக்கத்து வரப்புகளை எல்லாம் ஏற்கெனவே வழித்துவிட்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் புதருக்கு முன்னால் நின்றேன்.

“தள்ளுங்க மதினி. அறுப்பு மிஷின் திரும்ப எடமில்ல. அங்கன வெறும் முள்ளுதான கெடக்கு?” என்றார் கொழுந்தனார்.

“கௌதாரி அடை கெடக்கு தம்பி.”

“கௌதாரிக்காவ வயல விட முடியுமா? என்ன சொல்லுதிய நீங்க?”

டிரைவர் சிரித்துவிட்டான். கொழுந்தனாருக்கு முகம் கறுத்தது. அண்ணனுக்குப் போன் போட்டார். கடலில் இருந்தவருக்கு லைன் கிடைக்கவில்லை. யாரையும் கேட்காமல் நான் ஒரு முடிவு எடுத்தது அன்றைக்குத்தான்.

“மிஷின் திரும்புத அளவுக்கு என் வயல்லயே எடம் எடுத்துக்கிடுங்க. இந்த வரப்பு மட்டும் கெடக்கட்டும்.”

 அவர் என் வயலின் கோடியைக் காட்டி டிரைவரை அனுப்பினார். மறுநாள் காப்பிக்கு வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை.

சில நாள் கழித்துப் புதருக்குள் முட்டை ஓடுகள் மட்டும் கிடந்தன. பொரித்த கையோடு தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தது. எனக்குச் சந்தோஷம்தான். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

கணவரிடம் போனில் சொன்னபோது, “நீ தனியா இருக்கிறவ. இருக்கிற ஒரு ஆளையும் பகைச்சுக்கலாமா?” என்றார். அவர் சொன்னது நியாயம். 

அடுத்த வருடம் சுற்றிலும் வெட்டவெளி. எங்கள் வரப்பில் மட்டும் பறவைக் கூட்டம் கூடியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் நான் அங்கே நிற்கும்போது ஏதோ துறைமுகத்திலிருந்து கணவர் கூப்பிட்டார். கொழுந்தனார் அந்தப் பக்கம் மடை மாற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

“அங்க என்ன சத்தம்?” என்றார் கணவர்.

“கௌதாரி.”

“ரெண்டு மூணு இருக்கும் போல.”

“இருக்கும்.”

“செத்த நேரம் அப்படியே வச்சிரு.”

போனைப் புதர்ப் பக்கமாக நீட்டிப் பிடித்தேன்.  இருட்டத் தொடங்கியபோது லைன் போய்விட்டிருந்தது. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.