குங்குமம் மடித்த காகிதம்

நாடு விடுதலை பெற்று ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்த சமயம். ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் என் மூத்த மகள் பள்ளி இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை அவ்வளவு தூரம் படித்ததில்லை. அவளுக்கு இல்லாத பயமெல்லாம் எனக்கு இருந்தது. பூகோளப் பரீட்சைக்கு முந்தின மாலை நதிகளையும் அவை பிறக்கும் இடங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அவளைக் கேள்வி கேட்டே ஓய்ந்துபோக வைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து அம்மன் கோயிலுக்கு நடந்துபோய்க் குங்குமம் வாங்கி வந்தேன். கையில் அகப்பட்ட தாளில் பாதியைக் கிழித்துக் குங்குமத்தை அதில் மடித்தேன். அவளுடைய ஜாமெட்ரிப் பெட்டியில் அளவுகோலுக்கு அடியில் செருகினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பள்ளிக்கூட வாசலில் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன். மூன்று நாளாக என்னைப் பார்த்துவந்த வாட்ச்மேன், "இன்னா நைனா, கேட்டு துருப்புடிச்சிப் பூடும், கைய எடு" என்று கேலி செய்தார். தேர்வு தொடங்கி அரைமணி ஆகியிருக்கும். உள்ளே போன அவர் வேகமாகத் திரும்பி வந்தார்.

"பேஜாராப் பூட்ச்சு நைனா! ஒரு பொண்ணு மாட்டிகினுச்சு. பொட்டில சீட்டு வச்சிகினு வந்துகீது. அதுல ஆத்துப் பேரா எழுதிகீது. உள்ள இன்னான்னு பாத்தா குங்குமம். சாமியயும் கூட்டு சேத்துகினுச்சு!"

"அது என் பொண்ணுப்பா. சீட்டு வச்சது நான்" என்றேன்.

"அடப்பாவி நைனா, நீயேவா?" என்றவர், என் கையைப் பிடித்துத் தலைமையாசிரியையின் அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

மகள் சுவரோரமாக நின்றாள். தேர்வறையில் மேற்பார்வை பார்த்த ஆசிரியை, இனி அவளை எழுத விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. உடனே ஒரு பேனாவை வாங்கி, "பாருங்கள், இது என் கையெழுத்து" என்று எழுதிக் காட்டினேன்.

"அப்போ அப்பாவே காப்பியடிக்க எழுதிக் குடுத்தீங்களா?" என்றார் அவர். நான் வாய் திறக்கத் திறக்க என் பெண்ணின் ஒரு வருடம் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை மகளை வராந்தாவில் நிற்கச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டையும் அவளுடைய விடைத்தாளையும் மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"உங்க சீட்டுல கோதாவரி நாசிக் பக்கத்துல பொறக்குது. உங்க பொண்ணு அதை மகாபலேஸ்வரத்துல பொறக்க வச்சிருக்கா! சீட்டைப் பாத்தவ இப்படியா எழுதுவா?"

ஆசிரியையும் சிரித்துவிட்டார். இழந்த நேரத்தைக் கடைசியில் தருவதாகச் சொல்லி மகளை எழுத அனுப்பினார்கள். நான் வெளியே வந்தபோது வராந்தாவில் அவள் என்னைக் கடந்து போனாள். "நாசிக்" என்ற ஒரே சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. பக்கத்தில் யாருமில்லை.

"என்னப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. போ, எழுது."

மறுநாள் வாசலில் வாட்ச்மேன் ஒரு பெரிய கூடையோடு உட்கார்ந்திருந்தார். "நெத்தில வச்சிகினு காயிதத்த இங்க போடு! தாயத்தும் இங்கதான், எல்லா சாமியும் ஒண்ணாக் குந்திகினு இருக்கட்டும்!" என்று ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தினார். விபூதிப் பொட்டலம், மாதாகோயில் எண்ணெய்க் குப்பி, தர்காவில் மந்திரித்த கயிறு எல்லாம் கூடையில் நிறைந்தன. என்னைப் பார்த்ததும் என் சட்டைப்பையையும் தடவிப் பார்த்தார். தெருவே சிரித்தது.

மகள் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். அந்த அரைமணியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயம் வருகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது. அவளுடைய தப்பை அவளே எழுதட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றது அந்த ஒரு தடவைதான். மற்றப் பிள்ளைகள் விஷயத்தில் அதற்கு இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.