பின்னே போட்ட சக்கரம்

காலை ஆறு மணிக்கு நாகர்கோவிலை விட்டுக் கிளம்பினோம். நெய்யாற்றின்கரைக்குச் சுமார் இருபத்தெட்டு மைல். வண்டி, நான் வேலை பார்க்கும் அரிசி மில் முதலாளியின் பாட்டரி மோட்டார். இரவெல்லாம் மில் டைனமோவில் மின்சாரம் ஏற்றியிருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து நான் வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெண் பார்க்கப் போகிறேன் என்றதும் முதலாளி பெரிய மனதோடு வண்டியைக் கொடுத்தார். துணைக்கு ஊரிலிருந்து மாமா வந்திருந்தார். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்ததால், இதுவாவது கூடிவர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

சத்தமே போடாத வண்டி. குழித்துறையில் ஒரு மாடுகூட ஒதுங்கவில்லை. மாமா கைதட்டிக்கொண்டே வந்தார்.

எட்டரைக்குப் பாறசாலை. இறங்கிப் பார்த்தால், இடப்பக்கப் பின் டயரில் ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது. பாட்டரிப் பெட்டிகளின் கனமெல்லாம் பின்பக்கம்தான். அதனால் பின் டயர்களை அவ்வப்போது முன்னுக்கும், முன் டயர்களைப் பின்னுக்கும் மாற்ற வேண்டும். மாற்று டயரும் கையில் இல்லை. நானோ சரிகை வேட்டியில் இருந்தேன். பக்கத்து வண்டிப்பட்டறையிலிருந்து இரண்டு ஆட்களை மாமா அழைத்து வந்தார்.

"எட்டுச் சக்கரம் தரணும்" என்றான் தங்கையன் என்பவன்.

"இருக்கறதே நாலு சக்கரம்தானடே?" என்றார் மாமா. இந்தச் சமஸ்தானத்தில் காசுக்குச் சக்கரம் என்று பெயர் என்பதை அவருக்கு விளக்கிவிட்டு, தங்கையனிடம் தெளிவாகத்தான் சொன்னேன்: "பின் சக்கரத்த முன்னே போடணும். முன் சக்கரத்தப் பின்னே போடணும்."

"செரி அய்யா. சொன்னது போலச் செய்யிலாம்."

நாங்கள் இளநீர் குடித்து, முகம் கழுவி, திருநீறு பூசித் திரும்பியபோது வேலை முடிந்திருந்தது. டயரில் சிக்கிய கல்லையும் முள்ளையும் எடுத்து, கழுவி, காற்றும் அடித்து வைத்திருந்தார்கள். மனம் குளிர்ந்து போய்க் கிளம்பினேன்.

அமரவிளையில் டயர் வெடித்தது. அதே டயர், அதே இடப்பக்கப் பின் டயர். நான்கையும் கழற்றியதற்கு அச்சில் புது மசகு சாட்சியாக இருக்கிறது. பிறகு எப்படி?

கயிற்றுக்கடைக்காரர் ஒருவர் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இங்க முன்னேண்ணா மொதல்ல, பின்னேண்ணா பெறவு ஆக்கும். பின் சக்கரத்த மொதல்ல மாட்டு, முன் சக்கரத்தப் பெறவு மாட்டுண்ணு நெனச்சு, அவனுவ அந்தந்த எடத்துலயே மாட்டியிருப்பானுவ. நீங்க சொன்னதத்தானே செய்தானுவ?"

அவர் கொடுத்த தேங்காய் நாரை டயருக்குள் திணித்துக் கட்டி, மாட்டுவண்டிக்குப் பின்னால் நகர்ந்து, பெண் வீட்டு வாசலுக்குப் போனபோது மணி பதினொன்று. சக்கரத்தில் நார் தாடி மாதிரி தொங்கியது.

பெண்ணின் தகப்பனார் சர்க்கார் கச்சேரியில் எழுத்தராக இருந்தவர். பெண்ணின் பெயர் பகவதி. காபி வைத்துவிட்டு என் வேட்டியில் ஒட்டியிருந்த நாரைப் பார்த்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

"பெண்ணுக்குச் சம்மதம்தானா?" என்று மாமா கேட்டார்.

தகப்பனார் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். "பின்னே?" என்றார்.

இப்போதுதான் இந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறோம். பிறகு பார்க்கலாம் என்கிறார். நான்காவது இடமும் போயிற்று. மாமா எழுந்தார். நானும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, சரிகை வேட்டியோடு தரையில் உட்கார்ந்து நாரைத் திணித்தேன்.

தகப்பனார் பதறி ஓடி வந்தார். "எலை போட்டாச்சு, உண்ணாம போறியளே. எங்கிட்ட என்ன கொறை கண்டிய?"

"பின்னேன்னு சொல்லிட்டீகளே" என்றார் மாமா.

"ஆமா. பின்னே? சம்மதம் இல்லாமலா இருக்கும்? அதாக்கும் சொன்னேன்."

ஜன்னலுக்குள் யாரோ சிரித்தார்கள்.

சாப்பிட்டுவிட்டு, முன் டயர்களையும் பின் டயர்களையும் நானே மாற்றினேன். எங்கள் ஊரில் பின்னே என்றால் பின்னால், பாறசாலையில் பிறகு, நெய்யாற்றின்கரையில் சம்மதம். எண்பது மைல் தூரம்கூட இருக்காது, அதற்குள் இத்தனை. புறப்படும்போது ஜன்னலைப் பார்த்து, "வாறேன்" என்று அவர்கள் பேச்சிலேயே சொன்னேன்.

"பின்னே" என்றாள் பகவதி.

இந்த முறை நான் யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை.