ஸ்கூட்டிக்கு வைத்த காவல்

என் கணவருக்கு ஒரு குணம். நல்ல காரியம் செய்தால் வாய் திறந்து சொல்லமாட்டார். நான் சிரித்துவிடுவேனாம். அதனால் வந்த வினைதான் இது.

மாங்குளத்தில் எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரரின் மோட்டார் சைக்கிள் களவு போயிருந்தது. அந்தக் கவலையில், பிரான்சில் இருக்கும் மச்சாள் அனுப்பிய இரண்டு டிராக்கர்களில் ஒன்றை என் ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில் ஒட்டிவிட்டார். பெரிய சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். கள்ளனுக்குக் கேட்கக்கூடாது என்று அதன் சத்தத்தையும் அடைத்துவிட்டார். ஸ்கூட்டி எங்கே நின்றாலும் அவருடைய போனில் புள்ளியாகத் தெரியும். என்னிடம் மூச்சுவிடவில்லை.

மறுநாள் துணுக்காயில் முன்பள்ளி முடிந்து வருகிறேன். நான் அங்கே ஆசிரியை. காட்டு வழியில் போன் கிணுங்கியது. நிறுத்திப் பார்த்தேன். உங்களுக்குச் சொந்தமில்லாத கருவி ஒன்று உங்களுடன் பயணம் செய்கிறது என்றிருந்தது. கூடவே ஒரு வரைபடம். சிவப்புக் கோடு எங்கள் வீட்டு வாசல் படலையில் தொடங்கி, முன்பள்ளி வாசலுக்குப் போய், நான் நின்ற இடம்வரை வந்திருந்தது.

வேறு ஊர்க்காரி என்றால் வீட்டுக்கு ஓடியிருப்பாள். பின்னால் ஆள் வந்தால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது, போனில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்பது ஒருவரும் சொல்லித்தராமலே யுத்தத்துக்குள் வளர்ந்த எங்களுக்குத் தெரிந்த சட்டம். கோடு எங்கள் படலையிலேயே தொடங்குகிறது என்பது அந்த நேரம் புத்தியில் ஏறவில்லை. போனை நிறுத்தினேன். ஸ்கூட்டியை வந்த வழியே திருப்பினேன்.

கொஞ்சத் தூரத்தில் ஓர் அக்கா தார் ரோட்டில் நெல் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போகட்டே? ஆரோ எனக்குப் பின்னாலை வாறமாதிரிக் கிடக்கு."

ஆர், எவர் என்று அவர் கேட்கவில்லை. ஸ்கூட்டியை உள்ளே உருட்டச் சொன்னார். படலையைச் சாத்தினார். பால் விடாத பிளேன்ரீ தந்தார். பயம் தணிந்ததும் நானும் வெளியே வந்து அவரோடு நெல் துழாவினேன். வெயில் சாய்ந்து நெல்லை அள்ளிக் கட்டியதும், "தனியப் போகாதேங்கோ, நானும் வாறன்" என்று பின்னால் ஏறிக்கொண்டார்.

நான் போனை நிறுத்திய இடத்துக்குக் கிட்ட என் கணவரின் சைக்கிள் ரோட்டோரம் விழுந்து கிடந்தது. காட்டுக்குள்ளிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவருடைய குரல்தான். தொண்டை கட்டிப்போயிருந்தது.

அவர் காட்டுக்குள் இறங்காத மனிதர். யுத்தத்தின் கடைசிச் சண்டைக்குள் தன் தம்பியை இப்படித்தான் பற்றை பற்றையாகப் பெயர் சொல்லித் தேடினார். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு விறகுக்குக்கூடப் போனதில்லை. நாங்கள் விறகு வாங்கித்தான் எரிக்கிறோம். பக்கத்தில் ஸ்மார்ட் போன் ஒன்று இருந்தால்தான் ஸ்கூட்டியில் ஒட்டிய அந்த டிராக்கர் தான் நிற்கும் இடத்தைச் சொல்லும். அக்காவிடம் இருந்தது பழைய பட்டன் போன். என் போன் நின்றதும் அவருடைய போனில் புள்ளியும் நடுக்காட்டில் நின்றுவிட்டது. அதைப் பார்த்துத்தான் தேடி வந்திருக்கிறார்.

ஹோர்ன் அடித்தேன். கை கால் எல்லாம் முள் கீறி இரத்தம் கசிய வெளியே வந்தார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அவர் மெல்ல வந்து சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"களவு போனா எண்டு இதுக்குக் கீழை ஒண்டு வைச்சனான். ஸ்கூட்டிக்குத்தான்."

அழுகை அப்படியே கோபமாகிவிட்டது.

"நான் ஏறாமல் ஸ்கூட்டி தனியத் துணுக்காய்க்குப் போகுமோ? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே. செத்துப் பிழைச்சனான்."

"உம்மட போனிலை உந்த அறிவித்தலை நிப்பாட்டிவிடுவம். விசர் வேலை, கள்ளனுக்கும் எல்லே சொல்லிக்குடுக்குது. கழட்டி எறிஞ்சிட்டுப் போவான்."

"எறியட்டும். ஸ்கூட்டி போனா இன்னொண்டு வாங்கலாம். நாளைக்கு வேறை ஒருத்தன் ஒளிச்சு வைச்சா எனக்கு ஆர் சொல்றது?"

அவர் தலை குனிந்தார். "அப்ப இதைக் கழட்டிவிடட்டோ?" என்று கேட்டார். கழட்டினால் நான் வீடு வந்து சேரும்வரை இனி அவருக்குச் சோறு இறங்காது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. பாவமாக இருந்தது.

"கிடக்கட்டும். என்ரை போனிலையும் தெரியிறமாதிரி மாத்துங்கோ. அறிவித்தலை மட்டும் தொடாதேங்கோ. மற்றதை உங்கட சைக்கிளிலை ஒட்டுங்கோ. நானும் பாக்கவேணும்."

அக்கா குந்தியிருந்து அவருடைய காலில் முள் பிடுங்கிக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி," என்று தலை நிமிராமலே கேட்டார், "ஸ்கூட்டியைத் தேடின ஆள் ஏன் இவவின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டனீர்?"

அந்தப் பக்கம் போன உழவு இயந்திரம் ஒன்றை மறித்து அக்காவை ஏற்றிவிட்டோம். பிறகு அவர் சைக்கிளை நிமிர்த்தினார்.

"நீர் முன்னாலை போம். நான் பின்னாலை வாறன்."

பின்னால் வந்தவரை அன்று நான் வீடுவரை கூட்டிக்கொண்டு போனேன், மெதுவாக, சைக்கிள் வேகத்துக்கு.