போலந்து கோலி தனிஸ்லாஸ் பிரதர்

ஊறவைத்த ஆவாரம்பட்டையின் வாடை... அறுபதுகளில் பேகம்பூர் தோல்ஷாப்பில் தோல் பதனிடும் வேலை பார்த்த எங்களுக்கு அது சட்டையில் மட்டுமில்லை, தின்கிற சோற்றிலும் அடிக்கும். சாயங்காலம் சங்கு ஊதியதும் அந்த வாடையோடுதான் மைதானத்துக்கு ஓடுவோம். தோல்ஷாப் புட்பால் டீமில் நான் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக்.

மைதானத்தை ஒட்டி, கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய தச்சுப் பட்டறை. அதைப் பார்த்துக்கொண்டவர் தனிஸ்லாஸ் பிரதர். போலந்துக்காரர். ஐம்பதை நெருங்கிய ஆறடி ஆள். யுத்தத்தில் ஊரை இழந்து, எங்கெங்கோ அலைந்து, துறவியாகித் திண்டுக்கல் வந்து சேர்ந்தவர். தமிழை எங்கள் ஆட்களிடமே கற்றதால் எங்களைப் போலவே பேசுவார்.

தினமும் வேலியோரம் நின்று ஆட்டம் பார்ப்பார். பந்து காலடிக்கு உருண்டு வந்தாலும் தொடமாட்டார்.

இளவயதில் அவர் போலந்தில் பேர்பெற்ற கோலி, அதாவது கோல்கீப்பர் என்று பங்குச்சாமியார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஒரு வருஷம் மதுரை மில் டீமோடு பைனல். முந்தின நாள் எங்கள் கோலி சேசுராஜ் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. கேப்டன் காதரும் நானும் பட்டறைக்குப் போய் பிரதரைக் கேட்டோம்.

"வேணாம் அப்பு," என்றார், இழைப்பதை நிறுத்தாமலே.

செத்த நேரம் கழித்துக் காரணத்தையும் சொன்னார். யுத்தம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு அவர் டீம் ஆடி ஜெயித்திருக்கிறது. அதுதான் கடைசி ஆட்டம். யுத்தம் முடிந்தபின் ஒவ்வொருவராக விசாரித்திருக்கிறார். சண்டையில், சிறை முகாமில், பனியில்... ஒருவரும் மிஞ்சவில்லை.

"கோல்ல நின்னா முன்னாடி பத்து முதுகு தெரியும்ல... அது எல்லாம் அவிங்களா தெரிஞ்சா நான் என்ன செய்வேன்?"

அதற்கு மேல் வற்புறுத்த எங்களுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காதரே கோலில் நிற்பது, பத்துப் பேரோடு ஆடுவது என்று இறங்கிவிட்டோம். விசில் ஊதப் போகிற நேரம்... பிரதர் வந்தார். அங்கியைக் கழற்றி மடித்துக் கம்பத்தோரம் வைத்தார். பனியனும் காக்கி டவுசருமாக நின்று காதரின் தோளைத் தொட்டு, "நீ முன்னாடி போ," என்றார். மில் டீமும் மறுப்புச் சொல்லவில்லை.

அவர் அதிகம் பாயவில்லை. பந்து வரும் இடத்தில் முன்கூட்டியே நின்றார். எத்தனையோ பந்துகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கடைசி நிமிஷத்தில் ஒரு கார்னர்... கூட்டத்துக்குள் அவருக்குத் தெரியாமல் உள்ளே போய்விட்டது. தோற்றோம்.

தேற்றலாம் என்று போனால், கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து தன் பாஷையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜெபம் என்று நினைத்து ஒதுங்கி நின்றோம். ஜெபமில்லை. அவருடைய பழைய டீமின் பத்துப் பேருடைய பெயர்கள் என்று பிறகு அவரே சொன்னார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"அவிங்க வந்துருவாங்கன்னுதான் பயந்தேன். மொதப் பந்து வந்ததும் ஒங்க முதுகுதான் தெரிஞ்சுச்சு."

அதன்பிறகு முட்டி ஒத்துழைத்தவரை அவர்தான் எங்களுக்குக் கோலி. சேசுராஜ் சந்தோஷமாக பார்வர்டுக்கு மாறிக்கொண்டான். பிரதர் இறந்தபோது பெட்டியைத் தூக்கியதும் எங்கள் டீம்தான்.

போன மாசம் காதர் மௌத்தானார். இனி டீமில் நானும் சேசுராஜும் மட்டுமே.

அடக்கம் முடிந்து வரும் வழியில் புதிதாக ஒரு டர்ஃப் மைதானம். பச்சை விரிப்பு, பெரிய லைட்டு, பையன்கள் கையில் விலை உயர்ந்த கிளவுஸ்... கொஞ்சம் நின்று பார்த்தேன்.

ஆடிய காலத்தில் என் கண் பந்தை விட்டு நகராது. இப்போதெல்லாம் கோலில் தனியாக நிற்கிறவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.